கார்த்திகைக்கான டின்னைப் பங்குனியில் நிரப்புவோம்

நாகை மாவட்டக் கடலோர ஊர்களின் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைமார்களுக்கும்,

சம்பா அறுப்பு முடிந்து, தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் களத்துக்கு வந்துகொண்டிருக்கிற இந்தப் பங்குனியில், ஐப்பசி கார்த்திகை அடுப்பைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெயில் கொளுத்துகிற நேரத்தில் மழைக்காலப் பேச்சு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் இதைப் பேசுவதற்கு இதுதான் மாதம். மழை பிடித்துக்கொண்ட பிறகு பேசினால், யாரிடம் கடன் கேட்பது என்பதைத் தவிர வேறு எதையும் பேச முடியாது.

வேதாரண்யம் பக்கத்தில் ஒரு சிறு குழுவுக்கு நான் ஊக்குநர். உங்கள் குழுவின் தீர்மான நோட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். புரட்டாசி முடிந்ததும் உள்கடன் கேட்கிறவர்கள் கூடிவிடுவார்கள். காரணம் எழுதும் இடத்தில் "குடும்பச் செலவு" என்று இருக்கும். என்ன செலவு என்று பிரித்துக் கேட்டால் அரிசி, பருப்பு, எண்ணெய், பிள்ளைக்குப் பால் என்றுதான் வரும். சம்பா நடவு, களையெடுப்பு எல்லாம் ஓய்ந்தால் தை அறுப்பு வரைக்கும் வயலில் நமக்கு வேலை இல்லை. உப்புப் பாத்தி தண்ணீரில் கிடக்கும். கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வந்தபடியே இருக்கும். நூறு நாள் வேலையும் மழையில் நின்றுபோகும். முன்னே செய்த வேலைக்கான கூலியோ எப்போது வரும் என்று தெரியாது. வரும்படி நிற்கிற அதே மாதங்களில்தான் புயலும் வருகிறது. 1952, 1977, 2008இன் நிஷா, 2018இன் கஜா என்று நம் கரையைப் புரட்டிப்போட்ட புயல்கள் எல்லாமே நவம்பரில் வந்தவை. நமக்குக் கஷ்டம் எந்த மாதத்தில் வரும் என்பது வருஷா வருஷம் தெரிந்தே இருக்கிறது. அப்படித் தெரிந்த ஒன்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பங்குனியில் தொடங்கிப் புரட்டாசி முடிவதற்குள், ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் பதினைந்து நாளைக்கான சாப்பாட்டுச் சாமான் தனியாக இருக்க வேண்டும். கடன் வாங்கிச் சேர்க்கச் சொல்லவில்லை. கைக்கு ஏற்கெனவே வருகிறதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவைத்துச் சேர்க்க வேண்டும்.

இதைப் புயலுக்கான ஏற்பாடு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்புயல் வருஷா வருஷம் வருவதில்லை. கடைக் கடன் வருஷம் தவறாமல் வருகிறது. கார்த்திகை மாதத்தில் கடன் நோட்டில் எழுதி வாங்கும்போது என்ன நடக்கிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். காசு கொடுத்து வாங்குகிறவளுக்கு ஒரு விலை, நோட்டில் எழுதுகிறவளுக்கு ஒரு விலை. எடை குறைந்தாலும் "என்ன அண்ணே, குறையுதே" என்று கேட்க வாய் வராது. பழைய பருப்பு, வண்டு விழுந்த ரவை, தேதி தாண்டிய எண்ணெய் பாக்கெட் எல்லாம் கடனுக்கு வருகிறவர்கள் பைக்குத்தான் வந்துசேரும். தை மாதம் அறுப்புக் கூலி கைக்கு வந்த அன்றே பாதி அந்த நோட்டுக்குப் போய்விடும். மீதியை வைத்துக்கொண்டு பங்குனியில், எல்லாம் மலிவாகக் கிடைக்கும்போது, நம்மால் எதையும் வாங்க முடிவதில்லை. மலிவான காலத்தில் காசில்லை, காசு கொடுத்தாக வேண்டிய காலத்தில் விலை அதிகம். வருஷா வருஷம் நாம் இந்தச் சுற்றில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் பதினைந்து நாள் சாமான் இருந்தால் அந்த நோட்டில் எழுதத் தொடங்கும் நாள் தள்ளிப்போகும். ஒருவேளை எழுதாமலேயே தைக்கு வந்துவிடலாம்.

அரசாங்கமும் இந்த மாதங்களின் கஷ்டத்தைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் கட்டும் 1,500 ரூபாயோடு அரசு 3,000 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாக மீன்பாடு குறைந்த மாதங்களில் திருப்பித் தருகிறது. வரும்படி உள்ள மாதத்தில் எடுத்துவைத்து, இல்லாத மாதத்தில் பயன்படுத்துவதுதான் அதன் வழி. நான் கேட்பதும் அதே வழிதான், காசுக்குப் பதிலாக அரிசியில்.

"இருக்கிறதே போதல, இதில் எங்கேயிருந்து எடுத்துவைக்கிறது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. அதற்கு ரேஷனிலிருந்து தொடங்குவோம்.

நான்கு பேர் உள்ள அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் வருகிறது. 2011 ஜூனிலிருந்து நமக்கு அரிசிக்குக் காசு இல்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். இந்த விலைக்கு வெளியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. இருந்தும், பருப்பு போடும் நாளில் கையில் காசில்லை என்று எத்தனை மாதம் வாங்காமல் விடுகிறோம்? அரிசியை எத்தனை பேர் வாசலிலேயே கிலோவுக்குச் சில ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டு, அதோடு இன்னும் காசு போட்டுப் பொன்னி வாங்குகிறோம்? யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. அந்த அரிசியில் வாடை வருகிறது, கல் இருக்கிறது என்று சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் கார்த்திகையில் அதே அரிசியை யாராவது கொடுக்க மாட்டார்களா என்று பார்க்கிறோமே. சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் இட்லி, தோசைக்கு ஊறவையுங்கள். வீட்டுச் சாப்பாட்டு அரிசி அந்த அளவுக்கு மிச்சமாகும். விற்காமல் வாங்கிவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மேலே மிதந்து வருகின்றன, "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறார்கள். அது பிளாஸ்டிக் கிடையாது. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். செறிவூட்டப்பட்ட அரிசி என்பது அதுதான். நம் பெண்பிள்ளைகளில் இரத்தசோகை இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று அங்கன்வாடி அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். அந்த மணியை எறியாதீர்கள்.

அடுத்தது பிடி அரிசி. நம் ஆத்தாமார் காலத்து வழக்கம்தான். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து வேறொரு பாத்திரத்தில் போட்டுவிட வேண்டும். ஒரு கைப்பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளை உலை வைத்தால் நாளுக்கு 100 கிராம், மாதத்துக்கு 3 கிலோ. சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் ஆறு மாதத்தில் 18 கிலோ. நான்கு பேர் வீட்டுக்கு நாளுக்கு ஒன்றேகால் கிலோ என்று கணக்குப் போட்டால் பதினான்கு நாளைக்கு வந்துவிட்டது. இதற்கு ஒரு பைசாவும் தனியாக வேண்டாம். பானையில் ஒரு பிடி குறைந்தது சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் அளக்கிற கை ஒரே கையாக இருக்க வேண்டும். மாமியாரும் மருமகளும் மாறி மாறி உலை வைக்கும் வீட்டில் முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவள் எடுத்திருப்பாள் என்று இவளும், இவள் எடுத்திருப்பாள் என்று அவளும் விட்டுவிடுவார்கள்.

இதோடு மாதம் நூறு ரூபாய். மகளிர் உரிமைத் தொகையாக வருகிற ஆயிரத்தில் நூறை மட்டும் இதற்கென்று ஒதுக்குங்கள். அந்தத் தொகை வராதவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் ஐம்பது போட்டாலும் போதும். நூறு ரூபாயில் என்ன வரும் என்று தனியாகக் கடைக்குப் போனால் மலைப்பாகத்தான் இருக்கும். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் 1,200 ரூபாய். அதை எடுத்துக்கொண்டு இந்தப் பங்குனியிலேயே நேராகக் களத்துக்குப் போங்கள். விவசாயி வியாபாரிக்குக் கொடுக்கும் விலையைவிட ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் கடை விலையைவிட நமக்குக் குறைவாகவே இருக்கும். தோல் உளுந்தாக வாங்கிப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். குழுவில் சுழல்நிதி கிடந்தால் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து மூட்டையாகவே வாங்கலாம். உறுப்பினர்கள் மாதா மாதம் திருப்பிக் கட்டட்டும். ஐப்பசியில் அரிசிக்கு உள்கடன் கொடுப்பதும், பங்குனியில் உளுந்துக்கு உள்கடன் கொடுப்பதும் நோட்டில் ஒரே மாதிரிதான் ஏறும். ஆனால் பங்குனிக் கடன் சாமானாக வீட்டில் இருக்கும்.

புளியும் மிளகாயும் மல்லியும் இப்போதுதான் புதுசு வருகிறது. புளி விஷயத்தில் மட்டும் சோம்பல் வேண்டாம். கொட்டையோடு வாங்கினால் விலை குறைவு. மூன்று நான்கு பேர் திண்ணையில் உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் கொட்டையும் நாரும் எடுத்துவிடலாம். கல்லுப்பைப் பொடித்துத் தூவிப் பிசைந்து, கைக்கு அடங்கும் உருண்டையாகப் பிடித்து, தட்டில் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயில் காட்டுங்கள். மேல்பக்கம் காய்ந்து உள்ளே பிசுபிசுப்பு இருக்க வேண்டும். ஆறிய பிறகு மண்பானையில் ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு புளி என்று வைத்துத் துணியால் வேடு கட்டிவிட்டால் அடுத்த பங்குனி வரைக்கும் கெடாது. உப்புக்கு நமக்குப் பஞ்சமா? வேதாரண்யத்தில் பிறந்துவிட்டு உப்புக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். சாப்பாட்டுக்கு மட்டும் அயோடின் உப்பு பாக்கெட் ஒன்று தனியாக இருக்கட்டும்.

சித்திரை, வைகாசி வெயிலை வீணாக்காதீர்கள். கொத்தவரங்காய், சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர்மிளகாய், கூழ்வடகம் என்று மழையில் காய் கிடைக்காத நாட்களில் ஒரு குழம்புக்கும் ஒரு தொடுகறிக்கும் வழி செய்கிற சாமான்கள் இவை. விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது. வீட்டில் போட்டால் காசில்லை. கருவாட்டுக்குச் சொல்லவே வேண்டாம், நம் கையில் உள்ள பொருள். மணலில் போட்டுக் காயவைத்தது நாள்படத் தாங்காது. வலையிலோ பாயிலோ போட்டு, உப்பு குறைக்காமல், உடைத்தால் ஒடிகிற பதம் வரைக்கும் காயவையுங்கள். ஆடி, ஆவணியில் ஒரு வெயில் மறுபடி காட்ட வேண்டும். செந்நிறமாகவோ வெள்ளையாகவோ பூசணம் படர்ந்துவிட்டால் தட்டிவிட்டுச் சமைக்காதீர்கள், தூக்கி எறிந்துவிடுங்கள்.

விசைப்படகுக் குடும்பங்களுக்கு நான் மேலே சொன்ன மாதக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். சித்திரை, வைகாசி இரண்டும் உங்களுக்குக் கை வறண்ட மாதங்கள். அந்த மாதங்களில் வெயிலை மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். காசு ஒதுக்குவதை ஆனியில் படகு இறங்கிய பிறகு தொடங்குங்கள். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி என்று நான்கு மாதம் இருக்கிறது, போதும்.

இனி, சேர்த்த சாமான் கெடாமல் இருக்க வேண்டுமே. சேர்ப்பதைவிட இதுதான் கஷ்டம். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். குதிரும் பத்தாயமும் நிலம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தவை, கூலிக்குப் போன நம் வீடுகளில் அடுக்குப்பானைதான் இருந்தது. இன்றைக்கு அதற்கு ஈடு, டீக்கடையிலும் பலகாரக் கடையிலும் காலியாகக் கிடக்கும் பதினைந்து கிலோ எண்ணெய் டின். வாய் வெட்டி மூடி போட்டு விற்கிறார்கள். சோடா மாவு போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லாமல் துடைத்து, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். நீல டிரம் வாங்குகிறவர்கள் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பூச்சிமருந்தோ பெயிண்டோ இருந்ததென்றால் எத்தனை முறை கழுவினாலும் அதில் சாப்பாட்டுச் சாமான் போடக் கூடாது.

பருப்பு, பயறு வகைகளை இரண்டு மூன்று நாள் கடும் வெயிலில் காயவைக்க வேண்டும். அரிசியை அப்படிக் காயவைத்தால் மணி வெடித்து நொறுங்கும். அதற்கு நிழல் காய்ச்சல் போதும். எதுவானாலும் நன்றாக ஆறிய பிறகே டின்னில் கொட்டுங்கள். சூட்டோடு கொட்டி மூடினால் உள்ளே வியர்த்து, அந்த ஈரத்திலேயே பூசணம் பிடிக்கும். முழு உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு மூன்றிலும் வண்டு களத்திலேயே முட்டை வைத்துவிடும்; மணியின் மேல் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது அதுதான். அதனால் காயவைத்த பிறகு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, எல்லா மணியிலும் படும்படி கையால் புரட்டிவையுங்கள். உடைத்த பருப்பில் அந்த வண்டுத் தொல்லை குறைவு. அரிசிக்குக் காய்ந்த வேப்பிலை, காய்ந்த மிளகாய், வசம்புத் துண்டு என்று நாம் போடுவதெல்லாம் ஓரளவு உதவும். மூடி இறுக்கமாக இருப்பதும் உள்ளே ஈரம் இல்லாததும் அவற்றைவிட முக்கியம். புழுங்கலரிசி நாள்பட நிற்கும். கைக்குத்தல் அரிசி சத்தானது, ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கடிக்கும், அதை இருப்புக்கு வைக்க வேண்டாம். மாவாக அரைத்தும் வைக்காதீர்கள், தானியமாக இருக்கட்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். மூட்டை மூட்டையாகச் சரக்கு வைத்திருப்பவர்கள் வண்டுக்குப் போடும் மாத்திரையை யாராவது "ரெண்டு போட்டு மூடி வை, ஒண்ணும் வராது" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் புகை ஆளைக் கொல்லும். ஒற்றை அறை வீட்டில், குழந்தைகள் படுத்திருக்கும் இடத்தில் அது இருக்கவே கூடாது. போரிக் பவுடரும் பாதரச மாத்திரையும் அப்படித்தான். நாலு வண்டு விழுந்தால் புடைத்துக்கொள்ளலாம்.

கேழ்வரகு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாமான்களில் எதையாவது ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். மணி சின்னது, வண்டு அதிகம் தொடாது, காய்ந்த இடத்தில் வருஷக்கணக்காகக் கெடாமல் நிற்கும். கஜா அடித்த நவம்பர் 16 விடியற்காலைக்குப் பிறகு எங்கள் தெருவில் நான் பார்த்தது இது. ஓடு பறந்து, தென்னை எல்லாம் சாய்ந்து, ரோட்டில் ஒரு சைக்கிள்கூடப் போக முடியாமல் கிடந்தோம். கரண்ட் இல்லாததால் மோட்டாரும் இல்லை, மாவு மில்லும் இல்லை. கையில் பணம் வைத்திருந்தவர்களுக்கும் வாங்கக் கடை இல்லை. தெருக்கோடியில் தனியாக இருந்த ஒரு அத்தை, கூரை போன வீட்டுக்குள்ளிருந்து ஒரு மண்பானையை உருட்டி வந்தார். அதன் வாயில் சாணியும் மண்ணும் பூசி அடைத்திருந்தார். உள்ளே கேழ்வரகு, ஒரு துளி ஈரமில்லாமல். மூலையில் கிடந்த திருகையை எடுத்துப்போட்டு நாங்கள் மாற்றி மாற்றித் திரித்தோம். சாய்ந்த மட்டையை எரித்து ஒரே அடுப்பில் கூழ் காய்ச்சி, கருவாட்டைச் சுட்டுத் தொட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் குடித்தார்கள். வெளியிலிருந்து முதல் வண்டி வந்துசேரும் வரைக்கும் அந்தப் பானைதான். அத்தைக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லை. கூலி வேலைதான்.

அப்படி அடுப்பு மூட்டக்கூட முடியாத நாளும் வரலாம். அதனால் இருப்பில் அடுப்பு இல்லாமலே சாப்பிடக்கூடியதும் கொஞ்சம் இருக்கட்டும். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், வறுத்து அரைத்த சத்துமாவு. சத்துமாவை மட்டும் புரட்டாசிக் கடைசியில் அரையுங்கள், அதற்கு முன் வேண்டாம். வெல்லம் மழைக்காலத்தில் இளகும், காகிதத்தில் சுற்றிப் பாத்திரத்துக்குள் வையுங்கள். பாமாயில் பாக்கெட்டை எலி கடிக்கும், அதையும் டின்னுக்குள்ளேயே போடுங்கள், தேதி பார்த்துப் பழசை முதலில் வெட்டுங்கள். வேர்க்கடலையில் பூசணம் வந்துவிட்டால் கழுவி வறுத்தும் பயனில்லை, அந்த நஞ்சு போகாது. காய்ந்த விறகும் தேங்காய் மட்டையும் ஒரு தார்ப்பாய்க்குள் சுருட்டி உயரத்தில் இருக்க வேண்டும். கேஸ் தீர்ந்தால் அரிசி இருந்தும் பட்டினிதான். புயல் அறிவிப்பு வந்த அன்றே இருக்கிற குடத்தையெல்லாம் நிரப்பிவிடுங்கள், நம் பக்கத்து ஊற்று உப்புக் கரிக்கும் என்பது தெரிந்ததுதானே. வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுங்கள். இருப்பில் சர்க்கரை இருப்பது இதற்காகவும்தான்.

டின்னைத் தரையில் வைக்காதீர்கள். பரண் மேல் மட்டும் வைத்தால் கூரை போகும்போது அதுவும் போகும். பாதி பரணில், பாதி கெட்டிச் சுவரோரம் செங்கல் அடுக்கிப் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். அரிசியை முதலில் பாலித்தீன் பையில் கட்டி அதன் பிறகு டின்னில் இறக்கினால், தண்ணீர் ஏறினாலும் தப்பும்.

பல வீடுகளில் இந்த ஏற்பாடு ஒரு வருஷம் நடந்து மறு வருஷம் நின்றுபோவதையும் பார்த்திருக்கிறேன். சிலர் எடுத்துவைத்ததைத் தொடவே மாட்டார்கள். அடுத்த ஆடியில் திறந்தால் வண்டு பறக்கும், மனம் விட்டுப்போகும். சிலர் ஆவணியில் ஒரு விருந்து வந்தால் திறந்து, மறுபடி நிரப்ப மாட்டார்கள். இதற்கு ஒரே வழி இரண்டு டின். ரேஷன் அரிசி வந்ததும் புதுசு பின்னால் உள்ள டின்னுக்குப் போக வேண்டும். பழசு முன்னால் வந்து சமையலுக்கு எடுக்கப்பட வேண்டும். டின் மேல் சாக்பீஸால் "ஆவணி", "புரட்டாசி" என்று மாதத்தை எழுதிவிடுங்கள். பருப்புக்கும் எண்ணெய்க்கும் இதே முறைதான். அப்போது இருப்பு எப்போதும் புதுசாகவே இருக்கும், எதுவும் வீணாகாது. கார்த்திகையில் எடுத்துச் சாப்பிட்டுவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை, அதற்காகத்தான் வைத்தோம். தையில் கூலி வந்ததும் மறுபடி தொடங்குங்கள்.

"ஊரே பட்டினி கிடக்கும்போது நம்ம வீட்டில் மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டாள். நல்ல மனசுள்ள கேள்வி. அறுவடைக் காலத்தில், சரக்கு குவிந்து கிடக்கும்போது, நூறு ரூபாய்க்கு நாம் வாங்குவதால் யாருக்கும் இல்லாமல் போய்விடாது. புயல் அறிவிப்பு வந்த மாலையில் எல்லாரும் ஒரே கடையை மொய்க்கும்போதுதான் விலை ஏறுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஒரு லிட்டர் பால் நூறு ரூபாய்க்கு விற்றதைச் செய்தியில் பார்த்தோமே. அன்றைக்கு நாம் அந்தக் கூட்டத்தில் இல்லை என்றால், நமக்கு வேண்டியது இன்னொருத்திக்குக் கிடைக்கும். அதோடு, எல்லார் வீட்டிலும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இதைக் குழுக்களுக்கு எழுதுகிறேன். தனி ஆளாக ஒருத்தி சேர்த்தால் முதல் மூன்று நாளிலேயே கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்துத் தீர்ந்துவிடும். தெருவில் பன்னிரண்டு வீட்டில் இருந்தால் இல்லாத இரண்டு வீட்டுக்கு எல்லாருமே கொடுக்கலாம்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பிரதிநிதிகள் தீர்மான நோட்டில் மூன்று வரி எழுதினால் போதும்: உறுப்பினர்கள் மாதம் எவ்வளவு போடுவது, எந்தக் களத்தில் என்ன வாங்குவது, யார் எடுத்துவந்து பிரிப்பது. சேமிப்பு வசூலிக்கும் அன்றே இந்தக் காசையும் வாங்கித் தனிப் பக்கத்தில் வரவு வையுங்கள். ஒருவர் ஒரு மாதம் போட முடியாவிட்டால் அபராதம் வேண்டாம்; அந்த மாதப் பங்கு மட்டும் குறையட்டும். புரட்டாசிக் கூட்டத்தை யார் வீட்டிலாவது வைத்து, ஒவ்வொரு வீட்டிலும் டின் நிரம்பியிருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊராட்சிக் கூட்டமைப்பில் இருக்கிறவர்கள் பக்கத்து ஊர் குழுக்களையும் சேர்த்தால் உளுந்தை வண்டியாகவே இறக்கலாம்.

கடைசியாக ஒரு வேலை. நம் தெருக்களில் தனியாக இருக்கும் வயசான அம்மாக்கள் பலர் எந்தக் குழுவிலும் இல்லை. கைரேகை விழவில்லை என்று ரேஷன் கடையில் திரும்பி வருகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காக வேறொருவர் வாங்கிவர எழுதிக்கொடுக்கும் படிவம் கடையிலேயே கிடைக்கும். ஒவ்வொரு குழுவும் தன் தெருவில் அப்படி இருப்பவர்களின் பெயரைக் கேட்டு எழுதி, யார் டின்னை யார் நிரப்புவது, புயல் அறிவிப்பு வந்தால் யார் போய் அவர்களைப் பாதுகாப்பு மையத்துக்குக் கூட்டிப்போவது என்று பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் குழுவில் ஆளுக்கொரு வீடு என்று பிரித்துக்கொண்டுவிட்டோம். உங்கள் ஊரில் எப்படிச் செய்தீர்கள் என்று அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். எங்களுக்கும் அது உதவும்.

அன்புடன்,
வேதாரண்யம் வட்டத்திலிருந்து ஓர் ஊக்குநர்